ஆடிப்பெருக்கை டைரியில் ஏற்றுவது எப்படி?

ஆடிப்பெருக்கு 2020-இல் ஆகஸ்ட் 2 அன்று வந்தது. 2025-இல் ஆகஸ்ட் 3 அன்று. தமிழ்க் கணக்கில் இரண்டும் ஆடி 18-தான். செல்பேசிக் காலண்டரில் ஒரு தேதியைப் போட்டு 'ஆண்டுதோறும்' என்று அமுக்கிவிட்டவர், என்றைக்காவது ஒரு வருஷம் ஒகேனக்கல்லுக்கு ஒருநாள் முன்போ பின்போ போய் நிற்பார்.

திரும்பத் திரும்ப வரும் நாளைக் கணினிக்குத் தேதியாகச் சொன்னால் போதாது, எந்த விதிப்படி வருகிறது என்று சொல்ல வேண்டும். பளபளப்பான செயலிகளைவிட இதை நன்றாகச் செய்வது, நிரலாளர்கள் புழங்கும் எமாக்ஸ் என்ற பழைய உரைத் தொகுப்பான். 1976-இல் எம்.ஐ.டி.யில் பிறந்தது. அதன் காலண்டரை எழுதியவர் அமெரிக்கக் கணினி அறிஞர் எட்வர்ட் ரெயின்கோல்ட்.

டைரி என்பது அங்கே வெறும் உரைக்கோப்பு. தருமபுரி ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தைக் குறிக்க, காலண்டரில் ஏதாவது ஒரு திங்களில் நின்று ஐ, டபிள்யூ என்று இரண்டு விசைகளைத் தட்டினால் போதும். வங்கி மூடியிருக்கும் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளுக்கு 'டைரி-ஃப்ளோட்' என்ற கட்டளை இருக்கிறது. அதில் ஞாயிறு 0, சனி 6.

கிராம சபைக்கு ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆறு நாள். எல்லாம் மாறாத ஆங்கிலத் தேதிகள், சிக்கல் இல்லை என்று தோன்றும். ஆனால் 2/10 என்று எழுதினால் எமாக்ஸ் அதைப் பிப்ரவரி 10 என்றே படிக்கும், ஏனென்றால் அதன் இயல்பு அமெரிக்க முறை. முதலில் அமைப்பில் 'யூரோப்பியன்' பாணிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

மாடு வைத்திருப்பவர்களுக்கு உதவுவது 'டைரி-சைக்ளிக்'. தொடக்க நாளையும் இடைவெளியையும் கொடுத்தால் மீதியை அது எண்ணிக்கொள்ளும். சினை ஊசி போட்டும் சினை பிடிக்காத பசு ஏறக்குறைய 21 நாளில் மறுபடி கத்தும். ஊசி போட்ட தேதியோடு 21 என்று எழுதி வைக்கலாம். சினை உறுதியானதும் அந்த வரியை அழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கன்று ஈன்ற பிறகும் டைரி நச்சரிக்கும்.

இந்த விதிகள் எதற்கும் ஆடி 18 அடங்காது. சூரியன் கடக ராசிக்குள் நுழைவது அஸ்தமனத்துக்கு முன் என்றால் அன்றே ஆடி 1, பின் என்றால் மறுநாள். அங்கிருந்து 18 எண்ண வேண்டும். யூத, இஸ்லாமிய, சீன, மாயா நாட்காட்டிகளோடு பிரெஞ்சுப் புரட்சிக் காலத்து நாட்காட்டியையும் சேர்த்துக்கொண்ட எமாக்ஸ், நம் பஞ்சாங்கத்தை விட்டுவிட்டது. இத்தனைக்கும் ரெயின்கோல்டும் நாஹூம் டெர்ஷோவிட்ஸ் என்பவரும் 1997-இல் வெளியிட்ட காலக்கணித நூலில் இந்திய நாட்காட்டிகளுக்கும் சூத்திரங்கள் உண்டு.

வழி அடைபட்டுவிடவில்லை. டைரியின் ஒரு வரியில் நாமே எழுதிய நிரலையும் வைக்கலாம். சீன நாட்காட்டிக்காகச் சூரியனின் இருப்பிடத்தைக் கணக்கிடும் பகுதி உள்ளேயே இருக்கிறது. நம் ராசிக்கும் மேற்கத்தியக் கணக்குக்கும் இன்று சுமார் 24 பாகை வித்தியாசம் என்பதால், சூரியன் மேற்கத்தியக் கணக்கில் சுமார் 114 பாகையைத் தொடும் நேரத்தைப் பிடித்தால் ஆடி பிறப்பு கிடைத்துவிடும்.

எமாக்ஸ் கட்டற்ற மென்பொருள். நிரல் எழுதத் தெரிந்த தருமபுரிப் பிள்ளைகள் யாராவது இதை எழுதிச் சேர்க்கலாம். அதுவரை, சித்திரையில் புதுப் பஞ்சாங்கம் வாங்கியதும் ஆடி 18 எந்தத் தேதி என்று பார்த்து அந்த வருஷத்துக்கு மட்டும் கையால் எழுதி வையுங்கள்.