வெட்டுவதற்காகவே எடுத்த காட்சி

பல்கலைக்கழகத்தில் நான் திரைப்பட வரலாற்றை விருப்பப் பாடமாக எடுத்துள்ளேன். அண்மையில் வகுப்பில், 1943ல் வெளிவந்த 'தௌசண்ட்ஸ் சியர்' என்ற ஹாலிவுட் படத்திலிருந்து ஒரு பாடல் காட்சியைப் பார்த்தோம். பாடியவர் லீனா ஹார்ன்.

"இந்தக் காட்சியை எடுத்துவிட்டால் கதையில் என்ன மாறும்?" என்று விரிவுரையாளர் கேட்டார்.

"ஒன்றும் மாறாது," என்றோம்.

"அப்படி இருக்கவேண்டும் என்றுதான் எடுத்தார்கள்," என்றார் அவர்.

லீனா ஹார்ன் 1917ல் நியூயார்க்கின் புரூக்ளின் வட்டாரத்தில் பிறந்த கறுப்பினப் பெண். பதினாறு வயதில் 'காட்டன் கிளப்'பில் நடனமாடத் தொடங்கினார். அங்கு ஆடிப்பாடியவர்கள் கறுப்பினத்தவர். பார்க்க வந்தவர்கள் வெள்ளையர். 1942ல் எம்ஜிஎம் நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. பணிப்பெண் வேடங்களில் நடிக்க அவர் விரும்பவில்லை. ஆனால் நல்ல வேடங்களும் எளிதில் கிடைக்கவில்லை. பல படங்களில் தனியாக வந்து ஒரு பாடலைப் பாடிவிட்டுப் போவார். மற்ற பாத்திரங்களுடன் பேசமாட்டார். அதனால், இனப்பாகுபாடு நிலவிய அமெரிக்காவின் தென் மாநிலத் திரையரங்குகளில் அவரது காட்சியை மட்டும் வெட்டிவிட முடிந்தது.

'ஷோ போட்' (1951) படத்தில் கலப்பினப் பாடகியின் வேடம் வந்தபோது, அதுகூட வெள்ளையரான ஏவா கார்ட்னருக்கே சென்றது.

ஆனால் மேடையில் அவரை யாராலும் வெட்ட முடியவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, ஒரு ராணுவ முகாமில் ஜெர்மானியப் போர்க்கைதிகள் முன்னாலும் கறுப்பின வீரர்கள் பின்னாலும் அமர்த்தப்பட்டிருந்தனர். தாம் மேடையிலிருந்து இறங்கிப் பின்வரிசைக்குச் சென்று அந்த வீரர்களுக்காகப் பாடியதை அவர் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். 1963ல் வாஷிங்டன் பேரணியிலும் கலந்துகொண்டார். 1981ல், 63 வயதில், பிராட்வேயில் தமது வாழ்க்கையையே ஓர் இசை நிகழ்ச்சியாகப் படைத்தார். அது 333 முறை மேடையேறியது. அவர் 2010ல் காலமானார். 2022ல் ஒரு பிராட்வே அரங்கிற்கு அவரது பெயர் சூட்டப்பட்டது. கறுப்பினப் பெண் ஒருவரின் பெயரைத் தாங்கிய முதல் பிராட்வே அரங்கு அதுதான்.

எங்கள் மாணவர் கழகத்தின் காணொளிகளைத் தொகுப்பது என் பொறுப்பு. சென்ற நிகழ்ச்சியின் காணொளி நீண்டுவிட்டதால், மேடை அலங்காரம் செய்த முதலாம் ஆண்டு மாணவர்களின் பகுதியை வெட்டியிருந்தேன். தனியாக எடுத்த பகுதி என்பதால் வெட்டியது தெரியவே இல்லை. லீனா ஹார்ன் அனுபவித்த அநீதியோடு இதை ஒப்பிட முடியாது. ஆனாலும் அன்றிரவு அந்தப் பகுதியை மீண்டும் சேர்த்தேன். காணொளி நாற்பது வினாடி நீண்டது. யாரும் குறை சொல்லவில்லை.