முள் எறியாத முள்ளம்பன்றி



சந்தா, வட்டி, வங்கிக் கடன்னு மாதாமாதம் பேசுகிறோம். இந்த முறை மல்லாட்டைக் கொல்லைக்கு ராத்திரியில் வந்து போகிற ஒரு பிராணியைப் பற்றித் தெரிந்துகொள்வோம். அதுதான் முள்ளம்பன்றி. பேர் எல்லோருக்கும் தெரியும், நேரில் பார்த்தவர்கள் நம்மில் கொஞ்சம் பேர்தான். பகலெல்லாம் வளைக்குள் கிடந்து, இருட்டின பிறகுதான் இரை தேட வரும்.

நம்ம மேல்பட்டாம்பாக்கம் சமவெளி. முள்ளம்பன்றிக்கு ரொம்பப் பிடித்த இடம் பாறையும் புதரும் சேர்ந்த மலையடிவாரம். மேற்கே கல்வராயன் மலை அந்த மாதிரி இடம்தான். ஆனால் மறைவுக்குப் புதரும், வளை தோண்ட மண்ணும் இருந்தால் தோட்டம் துரவு பக்கத்திலும் இருந்துவிடும். துருக்கியில் தொடங்கி அரபு நாடுகள், இந்தியா, இலங்கை வரைக்கும் இருக்கிறது. இமயமலையில் 2,400 மீட்டர் உயரம் வரை போகுமாம்.

பேரில் பன்றி இருந்தாலும் இது பன்றி இல்லை. எலி, அணில் போல கொறிக்கிற இனம். நன்றாக வளர்ந்தது 11 முதல் 18 கிலோ வரை இருக்கும். அதன் முள் என்னன்னு நினைக்கிறீர்கள்? வெறும் முடிதான். நம் தலைமுடியும் நகமும் எந்தப் பொருளால் ஆனதோ அதே பொருள், கெட்டியாகி முள்ளாக நிற்கிறது. கழுத்திலும் தோளிலும் உள்ள முட்கள் ஒன்றரை அடி நீளம்கூட இருக்கும்.

முள்ளம்பன்றி முள்ளை அம்பு மாதிரி எய்யும் என்று நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். பழந்தமிழில் இதற்கு எய், எய்ப்பன்றி என்றே பேர் உண்டு. ஆனால் உண்மையில் அது எய்வதே இல்லை. பயம் வந்தால் முதலில் முள்ளைச் சிலிர்க்கும். வாலில் உள்ளே கூடான முட்கள் இருக்கின்றன, அதை ஆட்டினால் சலசலன்னு சத்தம் வரும். "கிட்டே வராதே" என்று எச்சரிக்கிறது. அதற்கும் கேட்காமல் நெருங்கினால் சட்டென்று திரும்பி, பின்பக்கமாகவே ஓடிவந்து இடிக்கும். லேசாக ஒட்டியிருக்கிற முள் எதிரியின் உடம்பில் ஏறி நின்றுவிடும். புலிகூட இதனிடம் மாட்டிக்கொண்டு பட்டிருக்கிறது. வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் வடக்கே முக்தேசரில் சுட்ட ஆட்கொல்லிப் புலி, முள்ளம்பன்றியோடு மோதி ஒரு கண்ணை இழந்து, காலில் ஐம்பது முள் போல ஏறி, வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல்தான் மனிதரை அடிக்கத் தொடங்கியது என்று எழுதியிருக்கிறார்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். எலி இனம்தானே, கொன்றால் என்ன, பெருகிக்கொண்டேதானே இருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். அது தப்புக் கணக்கு. எலிக்குக் கர்ப்பம் மூன்று வாரம்தான், ஈற்றுக்கு எட்டு பத்துக் குட்டி. முள்ளம்பன்றிக்கோ அதைவிட ரொம்ப அதிகம். குட்டி பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான். கண் திறந்தபடி பிறக்கும். முள் மெத்தென்று இருந்து சில மணி நேரத்தில் விறைத்துவிடும். ஆணும் பெண்ணும் சேர்ந்தே ஒரே வளையில் இருந்து குட்டியை வளர்க்கும். (இந்த விஷயத்தில் நம் வீட்டு ஆண்களுக்கும் கொஞ்சம் சொல்லலாம்!) அதனால் ஒரு ஜோடியைக் கொன்றால் அந்த இடம் திரும்ப நிரம்ப வருஷக்கணக்கில் ஆகும். உலக அளவில் இது அழியும் நிலையில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஒரு ஊரில் இல்லாமல் போக அதிக நாள் ஆகாது.

இதனால் லாபமும் இருக்கிறது. கிழங்கு தேடிக் குழி பறிக்கும் அல்லவா, அந்தக் குழியில் மழைத்தண்ணீர் தேங்கும், காற்றில் வந்த விதை விழும், செடி முளைக்கும். இஸ்ரேல் நாட்டு நெகேவ் வறண்ட நிலத்தில் இதே முள்ளம்பன்றி பறித்த குழிகளில் செடிகள் கூடுதலாக முளைப்பதை ஆராய்ச்சியாளர்கள் பார்த்திருக்கிறார்கள். காட்டில் கிடக்கும் எலும்பையும் மான் கொம்பையும் சுண்ணாம்புச் சத்துக்காகக் கடித்துத் தின்னும்.

நஷ்டமும் உண்டு, மறைக்க வேண்டாம். மல்லாட்டை, மரவள்ளி, தென்னங்கன்று எல்லாம் அதற்குப் பிடிக்கும். ஒரே ராத்திரியில் கன்றுகளைச் சாய்த்துவிட்டுப் போனால் வயிறு எரியத்தான் செய்யும். அதற்காகச் சிலர் கம்பத்திலிருந்து திருட்டுத்தனமாகக் கரண்ட் இழுத்து வேலியில் விடுகிறார்கள். அந்தக் கம்பிக்கு முள்ளம்பன்றி எது, விடியற்காலையில் மடை திறக்கப் போன நம் வீட்டு மனுஷர் எது என்று தெரியாது. இப்படிச் செத்தவர்கள் தமிழ்நாட்டில் கொஞ்சநஞ்சம் இல்லை. சோலார் வேலி என்றாலும் அனுமதி வேண்டும், 2023ல் அரசு அதற்கென்றே விதிகள் போட்டிருக்கிறது. முள்ளம்பன்றி மரம் ஏறாது, தாண்டாது, ஆனால் தோண்டும். எனவே கம்பி வலையை ஒரு அடி ஆழம் மண்ணுக்குள் புதைத்து நிறுத்தினால் நல்ல தடுப்பு. கன்றைச் சுற்றித் தகரமோ வலையோ கட்டலாம். விளைந்த மல்லாட்டையைக் கொல்லையில் விட்டுவைக்காமல் உடனே பிடுங்கிவிடலாம்.

கறி இரைப்பு நோய்க்கு நல்லது என்ற பேச்சும் இருக்கிறது. அதற்கு ஆதாரம் கிடையாது. தென் மாவட்டங்களில் முள்ளெலி என்று இன்னொன்று உண்டு. இரண்டு கைக்குள் அடங்கும், பூச்சி தின்னும், தொட்டால் பந்தாகச் சுருளும். அதன் முள்ளைக் கக்குவான் இருமலுக்கு மருந்தாகக் கொடுக்கிறார்கள். கக்குவான் கிருமியால் வருவது. குழந்தைக்கு ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதத்தில் அரசு சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போடும் ஊசியும், பிறகு ஒன்றரை வயசிலும் ஐந்து வயசிலும் போடுவதும்தான் அதற்குக் காவல். கிராம செவிலியரிடம் அட்டையைக் காட்டி விட்டுப்போனது இருக்கிறதா என்று கேளுங்கள்.

சீமந்தத்தில் முள்ளம்பன்றி முள்ளால் வகிடு எடுக்கும் வழக்கம் சில குடும்பங்களில் உண்டு. அதற்காகக் கடையில் முள் தேடி வாங்க வேண்டாம். 1972ம் வருஷ வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி முள்ளம்பன்றியை வேட்டையாடுவதும், கறியோ முள்ளோ விற்பதும் குற்றம். ஜெயிலும் அபராதமும் உண்டு.

கிணற்றில் விழுந்து கிடந்தால் யாரும் இறங்க வேண்டாம், வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்லுங்கள். வீட்டு நாய்க்கு முள் ஏறியிருந்தால் பிடுங்கி எறியாமல் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். முனை ஒடிந்து உள்ளே தங்கினால் சீழ் வைக்கும்.