பழங்காசுக்குப் புளிக்காப்பு வேண்டாம்!

பண்டிகை நெருங்கிவிட்டால் நமது இல்லங்களில் குத்துவிளக்கு முதல் பஞ்சபாத்திரம் வரையில் ஒன்றும் தப்புவதில்லை. புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிடுகிறோம். விளக்குக்கு அது அழகுதான். ஆனால் பூஜை அலமாரியில் மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருக்கும் பழங்காசுகளுக்கும் அதே உபசாரம் நடந்துவிடுகிறது. அதைப் பற்றித்தான் நேயர்களிடம் இரண்டொரு வார்த்தை சொல்ல விரும்புகிறோம்.

விளக்கின் பெருமை அதன் ஒளியில் இருக்கிறது. காசின் பெருமையோ அதன் எழுத்தில் இருக்கிறது. இராஜராஜ சோழனுடைய செப்புக் காசில் ஒரு புறம் அரசன் நிற்கிறான். மறு புறம் அமர்ந்த உருவத்தின் அருகே நாகரி எழுத்தில் அவன் பெயர் இருக்கிறது. 1980-களில் நாணய ஆராய்ச்சியாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி, பெருவழுதி என்ற பாண்டியன் பெயரைத் தமிழ்-பிராமி எழுத்தில் தாங்கிய செப்புக் காசை உலகுக்கு அறிவித்தார். சங்கப் பாட்டில் கேட்ட பெயருக்குச் செம்பில் ஒரு சாட்சி கிடைத்தது. அந்தக் காசை யாராவது முன்னமேயே புளியிட்டு விளக்கியிருந்தால், சாட்சியின் வாயை அடைத்தாற்போல் ஆகியிருக்கும்!

காசின் மேல் இருப்பவை இரண்டு வகை. மண், எண்ணெய்ப் பிசுக்கு, மஞ்சள் குங்குமம் எல்லாம் வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கு. பழுப்பும் பச்சையுமாகப் படிந்திருக்கும் களிம்போ அப்படியன்று. செம்பே காற்றோடும் ஈரத்தோடும் கலந்து நூற்றாண்டுகளாக மாறிய மேனி அது. மிகப் பழைய காசுகளில் எழுத்தின் வடிவம் அந்தக் களிம்பிலேயே தங்கியிருப்பதும் உண்டு. புளி, எலுமிச்சை, வினிகர் ஆகியவற்றின் அமிலம் அதைக் கரைக்கும்போது எழுத்தும் உடன் கரைந்து போகிறது. வெள்ளியின் கருமையும் இத்தகையதே. வெள்ளி கந்தகத்தோடு சேர்ந்து உண்டான படலம் அது. திருநீறோ பாலிஷ் பொடியோ இட்டுத் தேய்த்தால், அந்தப் படலத்தோடு சிறிது வெள்ளியும் போய்விடும்.

ஆகையால் அழுக்கை நீக்குவோம். களிம்பைத் தொட வேண்டாம். காசை விளிம்பில் பிடித்து, காய்ச்சி வடித்த நீரில் ஊற வையுங்கள். நீரைத் தினமும் மாற்றுங்கள். மண் இளகினால் மூங்கில் குச்சியின் நுனியால் மெல்ல நெம்பலாம். ஊசியும் கம்பித் தூரிகையும் கூடவே கூடாது. எண்ணெய்ப் பிசுக்கை அஸிடோன் கரைக்கும். அது சட்டெனத் தீப்பற்றுவதால், அடுப்புக்கும் விளக்குக்கும் எட்டாத இடத்தில், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கையாள வேண்டும். முடிவில் மென்மையான பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டுமேயன்றித் துடைக்கலாகாது.

விக்டோரியா ராணியின் ரூபாய் பல வீடுகளில் உண்டு. 11.66 கிராம் நிறையில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. அதற்கு வெதுவெதுப்பான நீரும் ஒரு துளி மென்மையான சோப்பும் போதும். கரூர், கோயமுத்தூர்ப் பகுதிகளில் கிடைத்த ரோமானியப் பொற்காசுகளைப் போன்றவற்றில் களிம்பு ஏறுவது அரிது. எனினும் பொன் மிருதுவானது. தேய்த்தால் கீறல் விழும்.

ஒரு நோயைப் பற்றி மட்டும் எச்சரிக்க வேண்டும். செப்புக் காசில் வெளிர்ப்பச்சையாக மாவு போல் பூத்து, தட்டிவிட்டாலும் மீண்டும் பூக்குமானால், உள்ளே உப்பின் சத்து புகுந்து உலோகத்தை அரிக்கிறது என்று அறியலாம். ஈரம்தான் அதற்கு ஆகாரம். அந்தக் காசைத் தனியே பிரித்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைத்து, தக்கவரிடம் காட்டுங்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-ம் ஆண்டிலேயே, அரிப்புற்ற செப்புத் திருமேனிகளைக் காப்பதற்கென்று இரசாயனக் கூடம் ஏற்பட்டது. இந்தக் கலை நம் நாட்டுக்குப் புதிதன்று.

மற்றக் காசுகளை அமிலமற்ற காகித உறையில் ஒவ்வொன்றாக இட்டு, உலர்ந்த இடத்தில் வையுங்கள். பி.வி.சி. என்னும் மெதுவான பிளாஸ்டிக் உறை நாளடைவில் பச்சைப் பிசினைக் கசியவிடும். நிலத்தை உழும்போதோ அஸ்திவாரம் தோண்டும்போதோ புதையற்காசு கிடைத்தால், கழுவுவதற்கும் முன்பாகக் கலெக்டருக்கு எழுதித் தெரிவியுங்கள். 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டம் அவ்வாறு விதிக்கிறது.

என்ன செய்வதென்று சந்தேகம் வந்தால், ஒன்றும் செய்யாமல் இருப்பதே உத்தமம். இன்று போகாத அழுக்கை நாளை வல்லவர் ஒருவர் போக்கிவிடலாம். தேய்ந்துபோன எழுத்தை எந்த வல்லவராலும் மீட்க முடியாது. வருகிற பண்டிகைக்கு விளக்குகள் ஜொலிக்கட்டும். காசுகள் தங்கள் பழைய நிறத்தோடேயே கலசத்தருகில் இருக்கட்டும். லக்ஷ்மி கோபித்துக்கொள்ள மாட்டாள்.