காகமும் பனம்பழமும்: கருதுகோட் சோதனையும் பிற்செலவும் பற்றிய ஒரு விளக்கம்

பனையின்மேற் காகம் ஒன்று வந்து அமர்ந்தது. அக்கணமே பழம் விழுந்தது. கண்டோர் காகமே பழத்தை வீழ்த்தியது என்றனர். காம்பு முன்னரே முதிர்ந்திருந்ததை அவர் நோக்கினாரல்லர். இவ்வாறு இரண்டு நிகழ்ச்சிகள் தற்செயலாய் ஒருங்கு கூடுவதைக் குறிக்க வடநூலார் காகதாலீய நியாயம் என்னும் தொடரை வழங்குவர். தருக்க நூல் கூறும் இவ்வெச்சரிக்கையை எண்ணால் அளந்து காண முயல்வதே புள்ளிவிபரவியலிற் கருதுகோட் சோதனை எனப்படும் பகுதி. வர்த்தகப் புள்ளிவிபரவியலைத் தொடக்க நிலையிற் பயிலும் மாணாக்கர், சூத்திரங்களை மனனஞ் செய்து விடை காண்கின்றனரேயன்றி, அச்சூத்திரம் எவ்வினாவுக்கு விடையளிக்கின்றது என்பதை எண்ணிப் பார்ப்பது குறைவு. அக்குறையைச் சிறிதேனும் நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் எனது மயக்கம் ஒன்றைக் கூறிவிடுகின்றேன். ஆசிரியப் பணியின் தொடக்க ஆண்டுகளில், முதலாந் தவணைப் பரீட்சையிற் குறைந்த புள்ளி பெற்றோரைக் கடிந்துரைப்பதும், மிகுந்த புள்ளி பெற்றோரைப் பாராட்டுவதும் என் வழக்கம். இரண்டாந் தவணையிற் கடிந்துகொள்ளப்பட்டோர் பெரும்பாலும் முன்னேறினர். பாராட்டப்பட்டோர் பெரும்பாலும் சற்றே பின்வாங்கினர். ஆகவே கண்டிப்புப் பயன் தரும், பாராட்டுக் கெடுக்கும் என்று முடிவு செய்தேன், பாராட்டைச் சுருக்கினேன். அனுபவம் கற்பித்த பாடம் என்றே அதனைப் பல்லாண்டு நம்பியிருந்தேன். அது காகம் வீழ்த்திய பனம்பழம் என்பதை அறிந்தது, வெளிவாரிப் பட்டதாரிப் பரீட்சைக்காகப் புள்ளிவிபரவியலைக் கற்ற பின்னரே.

கருதுகோட் சோதனையின் இயல்பை விளக்குதற்கு றொனால்ட் பிஷர் என்னும் ஆங்கில அறிஞர் 1935 ஆம் ஆண்டு வெளியிட்ட, பரிசோதனைகளைத் திட்டமிடுதல் பற்றிய நூலில் எடுத்தாண்ட உதாரணத்தினும் எளியது வேறில்லை. கிண்ணத்திற் பால் முதலில் ஊற்றப்பட்டதா, தேநீர் முதலில் ஊற்றப்பட்டதா என்பதைச் சுவைத்தே கூற வல்லேன் என்கிறார் ஒரு பெண்மணி. இதனை எங்ஙனம் சோதிப்பது? எட்டுக் கிண்ணங்களை எடுத்து, நான்கிற் பாலையும் நான்கில் தேநீரையும் முதலில் ஊற்றி, ஒழுங்கின்றிக் கலந்து அவர்முன் வைக்க வேண்டும். பால் முதலில் ஊற்றப்பட்ட நான்கினை அவர் தெரிந்தெடுக்க வேண்டும்.

இங்கு நாம் முதற்கண் கொள்ள வேண்டியது, அவருக்கு அத்திறன் சிறிதும் இல்லை, வெறும் ஊகத்தாலேயே தெரிவு செய்கிறார் என்னும் எடுகோள். இதுவே சூனியக் கருதுகோள். எட்டிலிருந்து நான்கைத் தெரியும் வழிகள் 70. அவற்றுள் முற்றுஞ் சரியானது ஒன்றே. ஆகவே ஊகத்தால் நான்கையும் சரியாகக் கூறுவதற்கான நிகழ்தகவு எழுபதில் ஒன்று, ஏறத்தாழ 1.4 வீதம். அவர் அவ்வாறு கூறிவிட்டால், தற்செயல் என்று சொல்ல நாம் தயங்குவோம். ஆனால் மூன்றைச் சரியாகவும் ஒன்றைப் பிழையாகவும் தெரிந்தால்? அவ்வாறு நிகழும் வழிகள் 16. முற்றுஞ் சரியானதையுஞ் சேர்த்தால் 17. எழுபதிற் பதினேழு என்பது 24 வீதத்துக்கு மேற்பட்டது. திறனே இல்லாத நால்வருள் ஒருவர் ஏறக்குறைய இத்துணை நன்றாகச் செய்துவிடுவர். எனவே அதனைச் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது.

சோதனையின் முழு அமைப்பும் இதனுள் அடங்கும். ‘யாதொரு விளைவும் இல்லை’ என்று முதலிற் கொள்கிறோம். அவ்வாறாயின் நாம் கண்டது போன்றதோ, அதனினும் மிக்கதோ தற்செயலாய்த் தோன்ற எத்துணை வாய்ப்புண்டு என்று கணிக்கிறோம். அவ்வாய்ப்பு முன்னரே குறித்துக்கொண்ட ஓர் எல்லையினுங் குறைந்தால் சூனியக் கருதுகோளை நிராகரிக்கிறோம். அவ்வெல்லையே பொருண்மை மட்டம். பெரும்பான்மை வழங்கும் 5 வீதம், பிஷர் 1925 இல் வெளியிட்ட நூலால் பரவிய வழக்கமேயன்றி இயற்கை விதித்த எல்லையன்று.

நிராகரிக்காமை ஏற்றுக்கொள்ளுதல் ஆகாது என்பதையும் மாணாக்கர் மறத்தலாகாது. வழக்கிற் குற்றம் நிரூபிக்கப்படவில்லை எனின், குற்றமற்றவர் என்பது நிரூபிக்கப்பட்டதாகாது. நெய்மன், ஈகன் பியர்சன் என்னும் இருவரும் 1933 இல் வெளியிட்ட ஆய்வின் வழியே இருவகை வழுக்களைப் பிரித்துப் பேசும் முறை நிலைபெற்றது. இல்லாத விளைவை உண்டென்பது முதலாம் வகை வழு. உள்ள விளைவைக் காணாது விடுவது இரண்டாம் வகை வழு. மாதிரியின் பருமன் மாறாதிருக்க, ஒன்றைக் குறைக்கப் புகின் மற்றது பெருகும். எவ்வழு அதிகக் கேடு விளைக்கும் என்பதைச் சூத்திரம் சொல்லாது. தொழிலறிந்தவரே சொல்ல வேண்டும்.

இனிப் பிற்செலவுக்கு வருவோம். வர்த்தக மாணாக்கர் ‘செலவு’ என்றதும் பணச்செலவு என மயங்கற்க. செலவு என்பது ஈண்டுச் செல்லுதல். பிற்செலவு பின்னோக்கிச் செல்லுதல். இப்பெயர் வந்தவாறு அறியத்தக்கது. பிரான்சிஸ் கால்ற்றன் என்பார் 1886 இல் 205 பெற்றோர் இணைகளையும் அவர்தம் வளர்ந்த பிள்ளைகள் 928 பேரையும் உயரத்தால் ஒப்பிட்டு ஆராய்ந்தார். பெண்களின் உயரத்தை 1.08 ஆற் பெருக்கி ஆண்களின் அளவுக்கு இசைவித்து, தாய் தந்தையர் இருவரின் சராசரியைக் கொண்டார். நெடிய பெற்றோரின் பிள்ளைகள் நெடியராயினும் பெற்றோர் அளவுக்கு நெடியரல்லர். குறியோரின் பிள்ளைகள் குறியராயினும் அவ்வளவு குறியரல்லர். பெற்றோர் பொதுச் சராசரியினின்று விலகிய அளவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே பிள்ளைகள் விலகினர். இவ்வாறு சராசரியை நோக்கித் திரும்புதலையே அவர் பிற்செலவு என்றார். பின்னர் இரு மாறிகளின் தொடர்பைக் கோட்டாற் குறிக்கும் முறை முழுவதற்கும் அப்பெயரே நிலைத்தது.

வர்த்தகத்தில் இம்முறை பயன்படுமாற்றைக் கற்பனை உதாரணம் ஒன்றாற் காண்போம். ஒரு புடைவைக் கடையார் ஐந்து மாதங்களில் விளம்பரத்துக்கு முறையே 1, 2, 3, 4, 5 ஆயிரம் ரூபா செலவிட்டார். விற்பனை, பத்தாயிரம் ரூபா அலகில், முறையே 12, 11, 15, 14, 18 ஆயிற்று. இழிவு வர்க்க முறைப்படி கோடு வரையின் அதன் சாய்வு 1.5, விளம்பரம் இல்லாதவிடத்து விற்பனை 9.5. அஃதாவது விளம்பரத்துக்கு ஆயிரம் ரூபா கூட்டியபோதெல்லாம் விற்பனை சராசரியாக 15,000 ரூபா கூடியது. விற்பனையின் மாறலில் 75 வீதத்தை இக்கோடு விளக்குகின்றது. கடைக்காரர் மகிழ்வார்.

ஆயினும் காகத்தை விசாரித்தோமா? மெய்யான சாய்வு சூனியம் என்று கொள்வோம். சாய்வின் நியம வழு இங்கு 0.5. சாய்வை அதனால் வகுப்பின் 3 வரும். இத்தகைய சிறு மாதிரிகளை மதிப்பிடும் வழியைக் கண்டவர் டப்ளின் நகரத்துக் கின்னஸ் மதுவடிசாலையிற் பணியாற்றிய வில்லியம் கொசெற். நிறுவனத்தார் ஊழியர் தம் பெயரில் ஆய்வுகளை வெளியிட இசையாமையின், 1908 இல் ‘மாணாக்கன்’ என்னும் புனைபெயரில் அதனை வெளியிட்டார். அவர் வழிவந்த அட்டவணையில் மூன்று சுயாதீனப் படிகளுக்கு, 5 வீத மட்டத்தில், இருபக்கச் சோதனைக்குரிய எல்லை 3.18. நாம் பெற்ற 3 அதனைத் தாண்டவில்லை. ஆகவே முக்கால் பங்கு மாறலை விளக்கிய அழகிய கோடும், ஐந்து மாதங்களை மட்டும் கொண்டமையால், சோதனையில் தேறவில்லை. ஒருபக்கச் சோதனையாயின் எல்லை 2.35, அப்போது தேறிவிடும். ஆனால் எச்சோதனை என்பதைத் தரவுகளைக் காணுமுன் தீர்மானிக்க வேண்டும். விடையைப் பார்த்த பின் எல்லையை மாற்றுதல் நேர்மையன்று.

தேறினும் விசாரணை முடியவில்லை. விளம்பரம் மிகுந்த மாதங்கள் தீபாவளியை அடுத்த மாதங்களாயின், விளம்பரத்தையும் விற்பனையையும் ஒருங்கே உயர்த்தியது பண்டிகையாகலாம். குடத்துக்குக் குயவன் காரணம். மண்ணைச் சுமந்துவந்த கழுதை உடனிருந்ததேயன்றிக் காரணமன்று என்பது நம் தருக்க நூலாரின் பழைய உதாரணம். கோடு உடனிருத்தலைக் காட்டும். காரணத்தை அறிவே காண வேண்டும்.

இதனை உணராமையாற் புலமையுடையோரும் இடறியதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவில் நோர்த் வெஸ்ற்றேண் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹொறஸ் செக்றிஸ்ற், பல துறை வணிக நிலையங்களின் செலவு இலாப விகிதங்களைப் பல்லாண்டு தொகுத்து, 1933 இற் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். தொடக்கத்திற் சிறந்து நின்ற நிலையங்கள் பின்னர்ச் சராசரியை நோக்கித் தாழ்ந்தன. தாழ்ந்து நின்றவை உயர்ந்தன. ஆகவே போட்டியானது வணிகம் அனைத்தையும் நடுத்தரத்துக்கு இழுக்கின்றது என்பது அவர் முடிவு. அவ்வாண்டிலேயே ஹறல்ட் ஹொற்றலிங் என்னும் புள்ளிவிபரவியலாளர் அதனை மறுத்தார். முதலாண்டுத் தரத்தின்படி கூட்டங்களாக வகுத்தமையாலேயே அவை பின்னர்ச் சராசரியை நாடின. இறுதியாண்டுத் தரத்தின்படி வகுத்துப் பின்னோக்கிப் பார்ப்பின், அதே நிலையங்கள் சராசரியினின்று விலகிச் சென்றனவாகத் தோன்றும். மெய்யாகவே யாவும் ஒன்றை ஒன்று நெருங்கின எனின், அனைத்து நிலையங்களின் மாறற்றிறன் ஆண்டுதோறும் குறைந்திருத்தல் வேண்டும். அதுவே உண்மைச் சோதனை என்றார். கால்ற்றன் உயரங்களிற் கண்ட அதே பிற்செலவைச் செக்றிஸ்ற் வணிக விதியாக மயங்கினார்.

இதனைப் படித்த அன்று மாலை, என் பழைய புள்ளிப் பதிவேடுகளை எடுத்துப் பின்னோக்கிப் பார்த்தேன். இறுதித் தவணையில் முன்னின்ற மாணவர் பலர் முதலாந் தவணையிற் சற்றுத் தாழ்ந்தே நின்றனர். இறுதியிற் பின்னின்றோர் பலர் முதலில் அத்துணைத் தாழ்ந்திலர். என் கண்டிப்போ பாராட்டோ காலத்தில் முன்னோக்கிச் சென்று முதலாந் தவணையை மாற்றியிருக்க முடியாது. ஒரு பரீட்சைப் புள்ளி என்பது திறனும், அன்றைய உடல் நலமும், வந்த வினாக்களும் கூடிய கலவை. மிகத் தாழ்ந்தோருட் பலருக்கு அன்று வாய்ப்புங் கெட்டிருந்தது. மறுமுறை அது அவ்வளவு கெடவில்லை. அவ்வளவே. கண்டிப்புப் பயன் தருமா என்பதை மெய்யாக அறிய விரும்பின், குறைந்த புள்ளி பெற்றோரைத் திருவுளச் சீட்டினால் இரு கூறாக்கி, ஒரு கூற்றினரை மட்டும் கண்டித்து, இரு கூற்றையும் ஒப்பிட்டிருக்க வேண்டும். ஒப்பிடாது கடிந்துகொண்டேன். என் முகத்திலிருந்து நல்வார்த்தை ஒன்றை எதிர்பார்த்து ஏமாந்த மாணவர்களை எந்தச் சூத்திரத்தாலும் இனி அழைத்து வர இயலாது.

இன்று கணினி நொடியிற் கோட்டை வரைந்து, நிகழ்தகவையும் அச்சிட்டுத் தருகின்றது. அதனாலேயே எச்சரிக்கை மிகுதியாக வேண்டப்படுகின்றது. அமெரிக்கப் புள்ளிவிபரவியற் சங்கம் 2016 இல் வெளியிட்ட அறிக்கையும், அந்நிகழ்தகவு கருதுகோள் உண்மையாதற்குரிய வாய்ப்பை அளப்பதன்று, விளைவின் பருமையைக் காட்டுவதுமன்று என வற்புறுத்தியது. மாதிரி மிகப் பெரிதாயின் அற்ப வேறுபாடும் சோதனையில் தேறும். மாதிரி சிறிதாயின் பெரிய வேறுபாடும் தேறாது போகும்.

தெரிந்து தெளிதல் என ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். தெளிவதற்கு முன் தெரிதல் வேண்டும் என்பது அத்தலைப்பிலேயே அமைந்துள்ளது. மாற்றம் ஒன்றைக் கண்டவுடன் காரணம் கற்பியாது, ‘யானொன்றுஞ் செய்யாதிருப்பினும் இது நிகழ்ந்திருக்குமோ?’ என்று ஒருமுறை வினவுதலே புள்ளிவிபரவியலின் முதற்பாடம். வாணிகஞ் செய்வோர் அவ்வினாவைக் கேட்கத் தவறின் பொருளை இழப்பர். ஆசிரியர் தவறின் அவ்விழப்பு மாணவரைச் சாரும்.