காட்டுச் சருகும் தழைச்சத்தும்

காட்டிற்கு எவரும் உரமிடுவதில்லை. ஆயினும் மரங்கள் செழிக்கின்றன. இதன் காரணத்தை உணர்ந்தால் நம் எருக்குழியும் சிறக்கும்.

தேக்கின் சருகில் கரிச்சத்து மிகுதி; தழைச்சத்து குறைவு. அதனை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள், போதாத தழைச்சத்தை மண்ணிலிருந்தே கவர்ந்துகொள்ளும். அச்சருகை மட்டும் வயலில் இட்டால் பயிர் வெளிறுவது இதனாலேயே. புங்கந் தழையோ விரைவில் மட்கும். கரிச்சத்து, தழைச்சத்தைப் போல் ஏறத்தாழ 25 மடங்கிற்குக் குறைந்திருப்பின், எஞ்சிய தழைச்சத்து மண்ணிற்குக் கிட்டும். பலவகை இலைகள் கலந்து உதிரும் காட்டில், பூஞ்சண இழைகள் சத்து மிகுந்த இலையினின்று சத்துக் குறைந்த சருகிற்குத் தழைச்சத்தைக் கொண்டுசெல்கின்றன.

சருகைக் கொளுத்தினால் தழைச்சத்தின் பெரும்பகுதி புகையோடு போய்விடும். ஆதலின் சாலையோரச் சருகை எரிக்க விடாது, பசுந்தழையும் சாணமும் கலந்து எருக்குழியில் இடச் செய்யுமாறு ஊராட்சி உறுப்பினர்களை வேண்டுகிறோம். காட்டுச் சருகைக் காட்டிற்கே விட்டுவிடுவோம்.