வாசற்படி வரை – 9: மிட்டாய்க்கடைக்கு ஐந்தாம் எண்

போன வாரம் விளையாட்டு வீரர்களுக்கென்று இருக்கும் தனி வழியைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஜி.பி.ஏ. என்ற மார்க் சராசரியை 4.0க்கு எப்படிக் கணக்கிடுகிறார்கள், கட்டுரை ஏன் 650 சொல்லுக்குள் நிற்க வேண்டும் என்பதெல்லாம் வந்துவிட்டது, மறுபடி சொல்லப்போவதில்லை. வீரர்களைப் பற்றிய புள்ளிவிவரம் தேடித்தான் ஹார்வர்டு வழக்கின் ஆவணங்களைத் திறந்தேன். வேறொரு பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். "சார், கட்டுரை?" என்று ஆசிரியர் குழுவிலிருந்து போன் வந்தபோதும் அந்தப் பக்கத்தை விட்டு நகரவில்லை. வீரர்கள் இன்னும் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளட்டும்.

அது 2014இல் தொடங்கிய வழக்கு. 2018 அக்டோபரில் பாஸ்டனில் விசாரணை நடந்தது. 2023 ஜூன் 29 அன்று, மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுத்த முறை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உலகமே தீர்ப்பைப் பேசியது. எனக்கு அதில் கிடைத்த புதையல் வேறு. விண்ணப்பங்களுக்கு உள்ளே உட்கார்ந்து எப்படி எண் போடுகிறார்கள் என்று அதுவரை பூட்டி வைத்திருந்த வழிமுறைக் குறிப்பு, சாட்சிய ஆவணமாக வெளியே வந்துவிட்டது.

படிப்பு, பாடத்துக்கு வெளியே செய்தவை, விளையாட்டு, குணநலன் என்று தலைப்பு தலைப்பாக, விண்ணப்பத்தைப் படிப்பவர் 1 முதல் 6 வரை எண் போடுகிறார். 1தான் உச்சம். பாடத்துக்கு வெளியே செய்தவற்றில் 1 வாங்க தேசிய அளவில் ஏதாவது சாதித்திருக்க வேண்டும், அல்லது அந்தத் துறையில் தொழில்முறை அனுபவமே இருக்க வேண்டும். மாணவர் தலைவர், பள்ளிப் பத்திரிகை ஆசிரியர், ஊர் அல்லது வட்டார அளவில் பெயர் வாங்கியவர் என்றால் 2. எல்லாவற்றிலும் கலந்துகொண்டார், ஆனால் தனித்துத் தெரியவில்லை என்றால் 3. ஒன்றுமே பெரிதாக இல்லையென்றால் 4.

அப்படியானால் 5 என்பது அதைவிட மோசமாகத்தானே இருக்க வேண்டும்? நானும் அப்படி நினைத்துத்தான் கண்ணை ஓட்டினேன். இல்லை. வழக்கமான கிளப், போட்டி வகையறாவுக்கு வெளியே பெரிய பொறுப்பைச் சுமப்பவர்களுக்கு 5. குடும்பக் கடமை, பள்ளி நடக்கும் நாட்களிலேயே பார்க்கும் வேலை என்று உதாரணமும் கொடுத்திருக்கிறார்கள். உடல்நிலை போன்ற காரணத்தால் எதிலும் கலந்துகொள்ள முடியாதவர்களுக்கு 6. ஆக, நாலோடு தரவரிசை முடிந்துவிடுகிறது. ஐந்தும் ஆறும் 'இந்தப் பிள்ளையை மற்றவர்களோடு சேர்த்து எடைபோடாதே' என்பதற்கான குறி. படிப்பவர் விரும்பினால் இந்த 5க்கான வேலையை மற்றவற்றோடு சேர்த்து எண்ணை உயர்த்தலாம். இதுதான் அந்தப் பிள்ளையைச் சரியாகக் காட்டுகிறது என்று தோன்றினால் 5 என்றே விட்டுவிடலாம்.

இதை எழுதியவர் யாரோ, வாழ்க்கை தெரிந்தவர். ஆனால் சாயந்தரம் அப்பாவின் கடையில் கல்லாவில் உட்காரும் பையன் அதை விண்ணப்பத்தில் எழுதினால்தானே 5 கிடைக்கும்? எழுதுவதில்லை. அது அவனுக்கு வீட்டு வேலை. செஸ் கிளப்பில் இரண்டு முறை எட்டிப் பார்த்ததை மறக்காமல் எழுதுகிறான்.

கல்லா என்றதும் எனக்கு ஐசக் அசிமோவ் நினைவுக்கு வந்துவிட்டார். ரோபோ கதைகள் எழுதினாரே, அவர்தான். 1920இல் ரஷ்யாவில் பெட்ரோவிச்சி என்ற கிராமத்தில் பிறந்து, மூன்று வயதில் அமெரிக்கா வந்தவர். புரூக்ளினில் அவருடைய அப்பா ஒன்றன்பின் ஒன்றாக மிட்டாய்க்கடைகள் வைத்து நடத்தினார். மிட்டாய், சோடா, சிகரெட், செய்தித்தாள் எல்லாம் கிடைக்கும். காலை ஆறு மணிக்குத் திறந்தால் நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்குத்தான் அடைப்பு. வீட்டில் இருந்த எல்லோருக்கும் அங்கே வேலை உண்டு, பையனுக்கும் உண்டு. காலையில் பேப்பர் போட வேண்டும், பள்ளிவிட்டு வந்ததும் கடையில் நிற்க வேண்டும். விற்பனைக்கு வந்த விஞ்ஞானக் கதைப் பத்திரிகைகளைக் கசங்காமல் படித்துவிட்டுத் திருப்பி அடுக்கி வைப்பார். குப்பைப் புத்தகம் படிக்காதே என்று அப்பா தடுத்தபோது, தலைப்பிலேயே 'சயன்ஸ்' இருக்கிறதே என்று சொல்லி அனுமதி வாங்கியிருக்கிறார். சுரங்க ரயில் நிலையத்தில் பத்திரிகைக் கடை வைத்திருப்பவர்களைப் பார்த்து அவருக்குப் பொறாமையாம்: வேண்டும்போது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நிம்மதியாகப் படிக்கலாமே! கடைசிவரை விடியற்காலையில் எழுந்து, கடை நேரத்திலேயே எழுத்து வேலை பார்த்தவர்.

மார்க்கில் சுமார் என்று அவரைச் சொல்ல முடியாது. பதினைந்து வயதிலேயே பள்ளிப் படிப்பை முடித்தவர். ஆனால் 'பாடத்துக்கு வெளியே என்ன செய்தாய்?' என்று கேட்டால் காட்ட அந்தக் கடைதான் இருந்தது. 1935இல் கொலம்பியா கல்லூரிக்கு விண்ணப்பித்து நேர்காணலுக்கும் போனார். இடம் இல்லை. சேத் லோ ஜூனியர் காலேஜுக்குப் போகலாமே என்றார்கள். கொலம்பியாவே 1928இல் புரூக்ளினில் தொடங்கிய கிளைக் கல்லூரி அது. யூத, இத்தாலியக் குடும்பத்துப் பிள்ளைகள்தான் அங்கே அதிகம். அவர் சேர்ந்த ஒரு வருடத்தில் அதையும் மூடினார்கள். பிறகு கொலம்பியாவின் பெரிய வளாகத்துக்கே போய் 1939இல் பட்டம் வாங்கினார். ஆனால் கொலம்பியா கல்லூரி மாணவராக இல்லை; பட்டமும் அந்தக் கல்லூரி கொடுக்கும் பி.ஏ. இல்லை, பி.எஸ். அந்தக் கசப்பு அவருக்குக் கடைசிவரை போகவில்லை.

அதே 1935இல் நியூயார்க்கின் ஃபார் ராக்கவே பள்ளியை முடித்த இன்னொரு யூதப் பையனும் கொலம்பியாவுக்கு விண்ணப்பித்தான். அவனுக்கும் இடமில்லை. எம்.ஐ.டி.க்குப் போனான். பெயர் ரிச்சர்ட் ஃபைன்மன், 1965இல் இயற்பியல் நோபல். ஒரே ஆண்டில் இந்த இருவரையும் திருப்பி அனுப்பிய கல்லூரி என்று கொலம்பியா பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

ஏன் திருப்பினார்கள் என்பதில்தான் நம் விஷயமே இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொலம்பியா, ஹார்வர்டு போன்ற கல்லூரிகளில் நுழைவுத் தேர்வில் தேறினால் இடம். பெரிய நீதிபோதனை எல்லாம் கிடையாது. குடியேறி வந்த யூதக் குடும்பத்துப் பிள்ளைகள் விழுந்து விழுந்து படித்துத் தேறினார்கள். ஹார்வர்டில் 1900இல் 7 சதவீதமாக இருந்த யூத மாணவர்கள் 1922இல் 21 சதவீதத்தைத் தாண்டிவிட்டார்கள். பல்கலைக்கழகத் தலைவர் லாரன்ஸ் லோவெலுக்குத் தூக்கம் போயிற்று. 15 சதவீதத்தோடு நிறுத்தலாம் என்றார். வெளிப்படையாக ஒதுக்கீடு வைப்பதைப் பேராசிரியர்கள் ஏற்கவில்லை. விண்ணப்பப் படிவத்தில் புதுக் கேள்விகள் முளைத்தன: இனம் என்ன, மதம் என்ன, தாயின் பிறந்த வீட்டுப் பெயர் என்ன, அப்பா பிறந்த ஊர் எது, பிறந்த பிறகு உன் பெயரையோ அப்பா பெயரையோ மாற்றியதுண்டா? கடைசிக் கேள்வி யாரைக் குறிவைத்தது என்று விளக்க வேண்டியதில்லை. 1926இலிருந்து 'குணமும் ஆளுமையும்' அதிக எடை பெற்றன. விண்ணப்பத்தோடு புகைப்படமும் கேட்டார்கள். ஜெரோம் காரபெல் 2005இல் எழுதிய 'தி சோஸன்' இந்தக் கதையை ஆவணத்துக்கு ஆவணம் பிரித்துக் காட்டுகிறது.

'மார்க் மட்டும் போதாது, முழு ஆளைப் பார்க்கிறோம்' என்ற பேச்சைக் கேட்கும் நம் பெற்றோர், மார்க் குறைந்த பிள்ளைக்குக் கைகொடுக்க வந்த ஏற்பாடு என்று நினைத்துக்கொள்கிறார்கள். மார்க் நிறைந்த பிள்ளைகளை வடிகட்டப் பிறந்த ஏற்பாடு அது. பின்னாளில் நல்லதுக்கும் பயன்பட்டது, மறுக்கவில்லை. அந்த 5ஆம் எண்ணே அதற்குச் சாட்சி. ஆனால் பிறவிக் குணம் போகாது. ஹார்வர்டின் ஒரே ஒரு ஆண்டுக் கணக்கைப் பாருங்கள்: 2019இல் படிப்பை முடிக்க வேண்டிய வகுப்புக்கு விண்ணப்பித்த உள்நாட்டு மாணவர்களில் 8,000 பேருக்கு மேல் முழு ஜி.பி.ஏ. வைத்திருந்தார்கள். இடமோ சுமார் 1,600. முழு மார்க் வாங்கியவர்களுக்குள்ளே யாரை எடுப்பது என்ற சண்டையில்தான் வயலினும் விவாதப் போட்டியும் வருகின்றன.

இப்போது எடிசனுக்கு வருகிறேன். நியூஜெர்சி எடிசனிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "சார், பெண்ணுக்கு ஜி.பி.ஏ. 3.4தான். பரதநாட்டிய அரங்கேற்றம் முடிந்துவிட்டது. தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். ரோபோட்டிக்ஸ் குழுவில் துணைத் தலைவி. பெரிய காலேஜ் ஏதாவது கிடைக்குமா? இவர் ஒரு எக்ஸெல் ஷீட் போட்டு வைத்துக்கொண்டு தினம் சதவீதம் சொல்கிறார்."

நம்மூரில் இந்தக் கேள்விக்குப் பக்கத்து வீட்டு மாமாவே பதில் சொல்லிவிடுவார். பொறியியல் என்றால் கணக்கு நூற்றுக்கு, இயற்பியல் ஐம்பதுக்கு, வேதியியல் ஐம்பதுக்கு. கூட்டினால் 200க்குக் கட்-ஆஃப். போன வருட லிஸ்ட்டை எடுத்துப் பார்த்தால் முடிந்தது. அங்கே அந்த லிஸ்ட் கிடையாது. ஆனால் அதற்குக் கிட்டத்தட்ட ஒன்று உண்டு. 'காமன் டேட்டா செட்' என்று பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் ஒரே வடிவத்தில் வெளியிடும் ஆவணம். அதில் சி7 என்ற அட்டவணையில் மார்க், பாடங்களின் கடினம், கட்டுரை, பாடத்துக்கு வெளியே செய்தவை என்று வரிசை வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் 'மிக முக்கியம்' முதல் 'பார்ப்பதில்லை' வரை எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று கல்லூரியே குறித்திருக்கும். பெற்றோர் அங்கே பாடத்துக்கு வெளியே செய்தவற்றுக்கு 'மிக முக்கியம்' என்று பார்த்ததும் துள்ளிக் குதித்து ஷீட்டுக்கு ஓடிவிடுகிறார்கள். ஓடாமல் சி11க்குப் போக வேண்டும். சேர்ந்தவர்களின் ஜி.பி.ஏ.வை அடுக்கு அடுக்காகப் பிரித்திருப்பார்கள். 3.25க்கும் 3.49க்கும் இடையில் எத்தனை சதவீதம்? இருபது என்றால் அரங்கேற்றத்துக்கு அங்கே மரியாதை உண்டு, விண்ணப்பிக்கலாம். ஒன்று என்றால், அந்த ஒரு சதவீதத்தில் உங்கள் பெண் இருப்பாள் என்று நம்ப வலுவான காரணம் வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. எல்லாக் கல்லூரியும் ஹார்வர்டு மாதிரி படிப்பதில்லை. கலிபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி வளாகங்கள் கட்டுரையும் கேட்பதில்லை, பரிந்துரைக் கடிதமும் கேட்பதில்லை. யுனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியா எஸ்.ஏ.டி. தேர்வு மார்க்கைப் பார்ப்பதை நிறுத்திவிட்டது; திறமை, தனி முயற்சி எல்லாவற்றையும் பார்க்கிறது. ஆனால் வேறு மாநிலத்தவருக்கு அது வைத்திருக்கும் குறைந்தபட்சம், சரியாக 3.4. எடிசன் பெண் கோட்டின் மேலேயே நிற்கிறாள். அது விண்ணப்பிக்கத் தேவையான தகுதி மட்டும். அதன் பெர்க்லி வளாகத்தில் சேர்பவர்களின் மார்க் எங்கேயோ இருக்கிறது. சொந்த மாநிலத்து ரட்கர்ஸ், நியூபிரன்ஸ்விக்கில் பக்கத்து ஊராகவே இருக்கிறது, கட்டணமும் உள்மாநிலக் கட்டணம். 'பெரிய காலேஜ்' லிஸ்ட்டில் அதை ஏன் சேர்க்கவில்லை என்று ஷீட் போட்டவரைத்தான் கேட்க வேண்டும்.

அந்தக் கடிதத்தை நான் மறுபடி எடுத்துப் படித்ததற்குக் காரணம் அதன் கடைசிப் பத்தி. மன்னிப்புக் கேட்கிற மாதிரி எழுதியிருந்தார்: "இவள் பத்தாம் வகுப்பில் இருந்தபோதிலிருந்து என் மாமியாருக்கு டயாலிசிஸ். நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம். வாரம் மூன்று நாள் இவள்தான் கூடப் போய் உட்காருகிறாள். டாக்டர் சொல்வதைப் பாட்டிக்குத் தமிழில் சொல்ல இவள்தான் வேண்டும். அதனால்தான் மார்க் இறங்கியது, ரோபோட்டிக்ஸ் போட்டிக்கும் போக முடியவில்லை." முதல் பத்தியில் இருந்த செய்கைகளின் பட்டியலில் இது இல்லை!

அம்மா, இதைத்தான் முதலில் எழுத வேண்டும். பல கல்லூரிகளுக்கும் பொதுவான 'காமன் ஆப்' விண்ணப்பத்தில் பத்து செய்கைகளுக்கு இடம் உண்டு. ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துக்குறிகள். வகையைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டே போனால் 'குடும்பப் பொறுப்புகள்' என்று ஒன்று வரும். சம்பளத்துக்குப் பார்க்கும் வேலைக்கும் தனி வகை உண்டு. வாரத்துக்கு எத்தனை மணி, வருடத்துக்கு எத்தனை வாரம் என்ற கட்டங்களையும் நிரப்பச் சொல்லுங்கள். விவரிப்பில் 'பாசம்', 'தியாகம்' எதுவும் வேண்டாம்: பாட்டியை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகிறேன், டாக்டரிடம் மொழிபெயர்க்கிறேன், மருந்துப் பட்டியல் என் பொறுப்பு. அவ்வளவு போதும். மார்க் எந்த வருடம் இறங்கியது, ஏன் என்பதைப் பள்ளி கவுன்சிலரிடம் சொல்லி, அவர் அனுப்பும் கடிதத்தில் இரண்டு வரி வரச் செய்யுங்கள். சிகிச்சை தொடங்கிய பருவமும் மார்க் இறங்கிய பருவமும் ஒன்றாக இருந்தால், படிப்பவர் அதைப் பார்க்கத் தவற மாட்டார்.

இதனால் ஹார்வர்டு கிடைத்துவிடுமா? கிடைக்காது. கணவரின் ஷீட்டில் அந்த வரிசையை அழித்துவிடலாம். 3.4ஐ அரங்கேற்றம் தூக்கிவிடாது. ஆனால் அந்த 3.4 எப்படி வந்தது என்று தெரிந்தால், சி11 அட்டவணையில் அந்த அடுக்குக்குக் கணிசமாக இடம் கொடுக்கும் கல்லூரிகளில் அதை வேறு கண்ணால் படிப்பார்கள். அப்படி ஏழெட்டுக் கல்லூரிகளைத் தேர்ந்து ஷீட்டை மறுபடி போடச் சொல்லுங்கள்.

அடுத்த வாரம் கட்டாயம் வீரர்கள். ஹார்வர்டு வழக்கில் வாதி தரப்பு நிபுணர் கொடுத்த கணக்குப்படி, படிப்பு என்ற தலைப்பில் நாலாம் எண்தான் வாங்கியும் பயிற்சியாளர் கேட்டு அழைத்த வீரர் என்றால் நூற்றுக்கு எழுபது பேருக்கு இடம் கிடைத்தது. வீரர் இல்லையென்றால் ஆயிரத்துக்கு ஒருவருக்குக்கூட இல்லை. இந்த இடைவெளிக்குள் புகுந்து ரிக் சிங்கர் என்ற ஆலோசகர் காசு பார்த்தார். துடுப்பே பிடிக்காத பிள்ளைகளைக் காகிதத்தில் படகோட்டிகளாக்கி, வேறு யாருடைய உடலிலோ முகத்தை ஒட்டிப் படமும் தயாரித்து அனுப்பினார்கள். 2019 மார்ச்சில் அவர்மீதும் 33 பெற்றோர்மீதும் வழக்குப் பாய்ந்தது. அந்தப் படங்களிலிருந்து தொடங்குவோம்.