முடியாத குவில்ட்டும் முடிஞ்சுபோற கைக்குட்டையும்

போன எபிசோட்ல கேச்சிங் பத்தி ஒரு மணி நேரம் மொக்கை போட்டேன். இந்த வாரம் லேப்டாப்பை மூடி வெச்சுட்டு ஊசி, நூல், துணி. தையல்னதும் ஸ்கிப் பண்ணிடாதீங்க, இதுல கொஞ்சம் கணக்கும் வருது.

விஷயம் இதுதான். என்கிட்ட ஒரு அப்ளிக் குவில்ட் 3 வருஷமா ஓடிக்கிட்டு இருக்கு. அதுக்கு நடுவுல நான் கைக்குட்டையில பூ போடுறேன், 4 இன்ச் ஃபிரேம்ல ஒரு கறிவேப்பிலை கொத்து தைக்கிறேன், தலையணை உறை ஓரத்துல ஒரு கொடி விடுறேன். அம்மா ஒரு நாள் நேராவே கேட்டாங்க: "டேய், அந்தப் பெரிய துணி பாட்டிக்குன்னு ஆரம்பிச்சது. அதை முடிக்காம இது எதுக்கு?" நியாயமான கேள்வி. அந்த நேரத்துல என்கிட்ட பதில் இல்லை.

முதல்ல அப்ளிக்னா என்னன்னு சொல்லிடுறேன். ஒரு துணியை உருவமா வெட்டி, இன்னொரு துணி மேல வெச்சுத் தைக்கிறது. அவ்வளவுதான். பிரெஞ்சுல 'மேலே வைக்கிறது'ங்கிற அர்த்தத்துல வந்த பேரு. பேருதான் வெளியூர், வேலை நம்ம ஊர்லயே இருக்கு. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் தேர்ல உருளை மாதிரி தொங்குமே, தொம்பை, அதுல இருக்கிற யாளியும் மயிலும் பூவும் அப்ளிக் வேலைதான். ஒடிஷாவுல பூரிக்குப் பக்கத்துல பிப்ளின்னு ஒரு ஊரே இதுக்குப் பேர் போனது. என் முதல் பிளாக்கை வீடியோ கால்ல காட்டினப்போ தஞ்சாவூர்க்காரப் பாட்டி ஒரே பார்வையில சொல்லிட்டாங்க, "இது தொம்பை வேலைல்லடா?" ஆமாம் பாட்டி. ஆனா தொம்பையை ரோட்டுல நின்னு அண்ணாந்து பார்ப்போம். பெரிய உருவம், பளிச்னு கலர் இருந்தா போதும். குவில்ட்டை மடியில போட்டுக்கிட்டு பார்ப்பாங்க. ஓரம் கோணினா உடனே தெரியும்.

என் குவில்ட்ல 12 இன்ச் சதுரமா 20 பிளாக். 4 வரிசை, வரிசைக்கு 5. எல்லாம் சேர்த்தா 48-க்கு 60 இன்ச், ஒருத்தர் காலை மூடிக்கிட்டு உட்காரலாம். துணி எல்லாம் பாட்டியோட பழைய காட்டன் புடவை: 2 சுங்குடி, ஒரு செட்டிநாடு காட்டன், பேர் தெரியாத ஒரு பச்சைப் புடவை. இதுதான் பயமே. அந்தப் பச்சை கடையில கிடைக்காது. தப்பா வெட்டினா கன்ட்ரோல் இஸட் கிடையாது.

ஒவ்வொரு பிளாக்லயும் ஒரு மாங்கா. மாங்கா டிசைனை ஏன் எடுத்தேன்னு இப்போ யோசிச்சா சிரிப்பு வருது, ஏன்னா அப்ளிக்ல கஷ்டமான மூணும் அந்த ஒரே உருவத்துல இருக்கு: வெளிப்பக்க வளைவு, உள்பக்க வளைவு, கூர் முனை.

நான் பண்றதுக்கு நீடில்-டர்ன்னு பேரு. துணியோட நல்ல பக்கத்துல மாங்காவை வரைஞ்சு, கோட்டுக்கு வெளியே கால் இன்ச்சுக்குக் கொஞ்சம் கம்மியா விட்டு வெட்டணும். அதை அடித்துணி மேல பின் குத்தி வெச்சு, ஓரத்தை ஊசி முனையால உள்ளே தள்ளித் தள்ளி மடிக்கணும். மொத்தமா மடிச்சு இஸ்திரி போட்டுட்டுத் தைக்கிறவங்களும் இருக்காங்க. இதுல ஒரு நேரத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் மடிப்போம், அதைத் தைப்போம், அடுத்த சென்டிமீட்டருக்குப் போவோம். ஊசி கீழேருந்து மேலே வந்து, மடிப்போட விளிம்புல ரெண்டு இழையை மட்டும் பிடிச்சு, நேர் எதிரே அடித்துணியில இறங்கணும். தையலுக்கும் தையலுக்கும் 2 மில்லிமீட்டர். நூல் கலர் மேல வைக்கிற துணியோட சேரணும், அடித்துணியோட இல்லை. சரியா வந்தா தையலே கண்ணுக்குத் தெரியாது.

வெளிப்பக்க வளைவை வெட்டிவிட வேண்டாம், பொறுமையா கொஞ்சம் கொஞ்சமா மடிச்சா போதும். உள்பக்க வளைவுலதான் கத்திரியால கோட்டுக்கு ஒரு நூல் முன்னாடி வரைக்கும் சின்னச் சின்னதா வெட்டு போடணும். போடலைன்னா துணி மடங்காம இழுக்கும். கோட்டைத் தாண்டிப் போட்டா பிசிறு வெளியே வந்துடும், அந்த மாங்கா அவுட். முனையில, நுனி வரைக்கும் தைச்சு, அங்கே ஒரு தையல் கூடுதலா போட்டு, உள்ளே மடிஞ்சிருக்கிற எக்ஸ்ட்ரா துணியை வெட்டி எடுத்துட்டுத்தான் அந்தப் பக்கத்தை மடிக்கணும். இல்லைன்னா நுனியில ஒரு கொழுக்கட்டை நிக்கும்.

இதுல பழைய புடவை வேற. துவைச்சுத் துவைச்சு மெலிஞ்ச துணி ஊசி பட்டாலே பிரியும். அதுக்கு நம்ம வீட்டு வைத்தியம்தான், கஞ்சி. வெட்டுறதுக்கு முன்னாடி கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணிட்டா துணி பேப்பர் மாதிரி சொன்ன பேச்சு கேக்கும்.

இப்போ கணக்கு. ஒரு பிளாக்குக்கு எனக்கு 14 மணி நேரம் ஆகுது. 20 பிளாக்குக்கு 280. ஆபீஸ் முடிஞ்சு வந்து ஒரு நாளைக்கு அரை மணி நேரம், வாரத்துல 4 நாள். அப்போ 560 தடவை உட்காரணும், 140 வாரம். 2 வருஷம் 8 மாசம். அதுக்கு அப்புறம் பிளாக்குகளை இணைக்கணும். பஞ்சு அடுக்கு, பின்துணி வெச்சு மூணையும் சேர்த்து ஓட்டுத் தையல் போடணும். குவில்ட்டிங்னு சொல்றதே அந்தக் கடைசி வேலையைத்தான்.

அந்த 4 நாள்ல ஒரு நாளை சின்ன எம்பிராய்டரிக்குக் கொடுத்தா? குவில்ட்டுக்கு 3 நாள்தான். 187 வாரம். அதாவது கிட்டத்தட்ட 11 மாசம் தள்ளிப்போகுது. அம்மா சொன்னது பேப்பர்ல நூத்துக்கு நூறு சரி.

ஆனா நிஜத்துல நடந்தது வேற. பாட்டிக்கு 78 வயசு இருக்கும்போது ஆரம்பிச்சேன், 80-க்குக் கொடுக்கணும்னு பிளான். முதல் 9 மாசம் குவில்ட் மட்டும்தான். வேற எதையும் தொடக் கூடாதுன்னு எனக்கு நானே ரூல். 4 பிளாக் முடிஞ்சுது. அஞ்சாவது பிளாக்ல, பச்சைத் துணியில, உள்பக்க வளைவுல கத்திரி கோட்டைத் தாண்டிப் போயிடுச்சு. பெட்டியை மூடினேன். 5 மாசம் திறக்கலை. சோம்பேறித்தனம்னு நினைச்சுக்கிட்டேன். இப்போ யோசிச்சா, 9 மாசம் வேலை செஞ்சும் 'முடிஞ்சுது'ன்னு ஒரு பொருளைக் கூட யார் கையிலயும் கொடுத்ததில்லை. ரிலீஸே இல்லாத ப்ராஜெக்ட்ல வேலை பார்த்தவங்களுக்கு இந்த ஃபீல் தெரியும்.

பிளாக் முடிஞ்சாலே சந்தோஷம் வராதான்னு கேட்கலாம். வரும். அமெரிக்காவுல பால்டிமோர்ல 1840கள், 50கள்ல ஆல்பம் குவில்ட்னு பண்ணாங்க. ஒவ்வொரு பிளாக்கும் தனி டிசைன், பல பேர் ஆளுக்கு ஒண்ணு தைச்சுக் கையெழுத்தும் போட்டு, ஊரை விட்டுப் போற ஒருத்தருக்கு நினைவா கொடுக்கிற மாதிரி. நம்ம ஸ்லாம் புக் மாதிரின்னு வெச்சுக்கோங்க. அங்கே ஒருத்தரோட பங்கு ஒரு பிளாக்கோட முடிஞ்சுடலாம். நான் இருபதையும் தனியாத் தைக்கிறேன், என் பிளாக் முடிஞ்சா பெட்டிக்குள்ள இன்னொரு பிளாக் மேல போய் படுத்துக்குது.

பெட்டியைத் திரும்பத் திறக்க வெச்சது ஒரு கைக்குட்டை. ஃப்ரெண்ட் கல்யாணத்துக்கு என்ன கொடுக்கிறதுன்னு தெரியாம ரெண்டு பேரோட முதல் எழுத்தையும் வெள்ளைக் கைக்குட்டையில தைச்சேன். 5 மணி நேரம். கொடுத்தேன், முடிஞ்சுது. அடுத்த வாரமே அந்தப் பச்சை மாங்காவைப் பிரிச்சு, சேதமான இடத்தை வெட்டிட்டு ஒரு சைஸ் சின்னதா மாத்தி வெச்சேன். இன்னிக்கும் 20-ல அது ஒண்ணுதான் குட்டி மாங்கா.

எம்பிராய்டரி கைக்கு ஏன் இவ்வளவு சுகமா இருக்குன்னா, அது அப்ளிக்குக்கு நேர் எதிர். அப்ளிக்ல நூலை ஒளிச்சு வைக்கணும். எம்பிராய்டரியில நூல்தான் ஹீரோ. அங்கே தப்பு பண்ணா துணியே போச்சு. இங்கே தப்புன்னா நூலை உருவிட்டு மறுபடி போடலாம்.

தெரியாதவங்களுக்கு ரெண்டு பேசிக் விஷயம். கடையில கிடைக்கிற எம்பிராய்டரி நூல்கண்டு பொதுவா 8 மீட்டர், 6 இழை சேர்ந்தது. (முதல் தடவை வாங்கப் போனப்போ கடைக்காரர் "அக்காவுக்கா தம்பி?"ன்னு கேட்டார். எனக்குத்தான் அண்ணே.) ஒரு முழ நீளத்துக்கு வெட்டி, இழையை ஒண்ணு ஒண்ணா உருவி, அப்புறம் ரெண்டை மட்டும் சேர்த்துக் கோக்கணும். ரெண்டையும் ஒரே இழுப்புல உருவினா சிக்கு விழும். காம்புக்கு ஸ்டெம் ஸ்டிட்ச், இதழுக்கு லேசி டெய்ஸி, நடுவுல மகரந்தத்துக்கு பிரெஞ்ச் நாட். ஸ்கூல்ல தையல் கிளாஸ் போனவங்களுக்கு இது தெரிஞ்சதுதான். சாட்டின் ஸ்டிட்ச்ல இலையை நிரப்புறது அழகு, ஆனா நேரத்தை முழுங்கும். 'சின்ன வேலை'ன்னு சொல்லி ஆரம்பிச்சு நான் மாட்டினது அங்கேதான்.

இன்னொரு லாபம் நான் எதிர்பார்க்காதது. குவில்ட்ல மாங்காவைச் சுத்தி சிவப்பு நூல்ல ஒரு கொடி ஓட்டலாம்னு ஆசை. அதே நூலை முதல்ல ஒரு கைக்குட்டையில போட்டேன். துவைச்சதும் வெள்ளைத் துணி ரோஸ் ஆயிடுச்சு. அது குவில்ட்ல நடந்திருந்தா? சாயம் போகும்னா கல் உப்பு போட்டு ஊற வைக்கச் சொல்வாங்க, ஆனா ஏற்கனவே சாயம் ஏத்தின நூல்ல உப்பு அதைப் பிடிச்சு வைக்காது. நனைச்ச வெள்ளைத் துணியால நல்லாத் தேய்ச்சுப் பார்க்கிறதுதான் டெஸ்ட். இப்போ எந்த நூலும் கைக்குட்டையில பாஸ் ஆனாத்தான் புடவைக்கிட்ட போகும். ப்ரொடக்‌ஷன்ல நேரா டிப்ளாய் பண்ணக் கூடாதுன்னு ஆபீஸ்ல தினமும் சொல்றவன், வீட்டுல இதைக் கத்துக்க ஒரு கைக்குட்டை தேவைப்பட்டுது.

அப்போ சின்னது எல்லாமே நல்லதா? இல்லை. நடுவுல ஒரு காலம், ஒரே நேரத்துல 7 ஃபிரேம் பாதியில நின்னுது. ஆரம்பிக்கிற கிக் இருக்கே, அது முடிக்கிற சந்தோஷத்தை விட சீப்பா கிடைக்கும். புது கலர், புது டிசைன், பாரிஸ் கார்னர் போய் இன்னும் நூல். அந்த ரெண்டு மாசம் குவில்ட்டும் நகரலை, கைக்குட்டையும் முடியலை. அம்மாவோட கேள்வி அப்போ வந்ததுதான், சரியான நேரம்.

அதுக்கு அப்புறம் ஒரே நேரத்துல ஒரு ஃபிரேம்தான் திறந்திருக்கும். அது 6 மணி நேரத்துக்குள்ள முடியணும், பெட்டியில இருக்கிற நூலே போதணும். யாருக்குக் கொடுக்கப்போறேன்னு ஆரம்பிக்கும்போதே தெரியணும். இந்தக் கடைசி விஷயம்தான் என்னைக் காப்பாத்துது. ஆள் முடிவாகலைன்னா அது பாதியில நிக்கும், எனக்கு எல்லாத் தடவையும் அப்படித்தான் ஆச்சு.

எந்த நாள் எதுன்னு டைம் டேபிள் போட்டுப் பார்த்தேன், செட் ஆகலை. இப்போ தலையைப் பார்த்து முடிவு பண்றேன். தெளிவா இருக்கிற நாள்ல மாங்கா வளைவு. நைட் ப்ரொடக்‌ஷன் இஷ்யூ வந்து மண்டை காஞ்ச நாள்ல ஸ்டெம் ஸ்டிட்ச். மெட்ரோவுல உட்கார இடம் கிடைச்சா அதுவும் ஸ்டெம் ஸ்டிட்ச்தான். அப்ளிக்கை ஆடுற இடத்துல முயற்சி பண்ணாதீங்க, விரல் போயிடும். ஒரு சென்னை டிப்ஸும்: ஊசியைத் துணியிலேயே குத்தி வெச்சுட்டுப் போகாதீங்க. இந்தப் புழுக்கத்துல துருப் பிடிச்சு கறை விட்டுடும். ஃபிரேமையும் கழட்டிடுங்க, இல்லைன்னா வட்டத் தடம் விழும்.

பெட்டியைத் திரும்பத் திறந்து 2 வருஷம் ஆச்சு. 9 பிளாக் முடிச்சிருக்கேன், பழைய 4-ஐச் சேர்த்து 13. கைக்குட்டை, உறைன்னு வெளியே போனது 17. அதுல 3 பாட்டிக்கு. பாட்டிக்கு இப்போ 81, போன வருஷம் கண்ணுல புரை ஆபரேஷன் ஆச்சு. முதல் கைக்குட்டையை அதுக்கு முன்னாடி கொடுத்தேன், விரலால தடவித் தடவிப் பார்த்தாங்க. ரெண்டாவதை ஆபரேஷனுக்கு அப்புறம் அனுப்பினேன். மறுநாள் போன் வந்துது, "இந்த முடிச்சு ஏண்டா ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு?"

அம்மாகிட்ட இந்தக் கணக்கை எல்லாம் சொன்னேன். முழுசா ஒத்துக்கலை. "சரி, ஆனா அடுத்த பொங்கலுக்குள்ள 16 ஆகணும்"னு டெட்லைன் வெச்சிருக்காங்க. பதினாலாவது மாங்காவுக்கு நேத்து கஞ்சி போட்டுக் காய வெச்சிருக்கேன். செட்டிநாடு காட்டன், மஞ்சள். வெட்டிட்டு அடுத்த வாரம் வந்து சொல்றேன். பை மக்களே.